வங்காளதேச அகதிகள் நெருக்கடியும் மக்கள் உதவி இயக்கமும் (1971)

1971ஆம் ஆண்டு மார்ச் இறுதி முதல் டிசம்பர் வரை, அன்றைய கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் இந்தியத் துணைக்கண்டம் கண்ட மிகப் பெரிய இடப்பெயர்வு இது. இத்தனை பேருக்கும் உணவும் உறைவிடமும் மருந்தும் கொடுப்பது எந்த அரசாலும் தனித்துச் செய்யக்கூடிய காரியமன்று. ஆகவே அரசுகளுக்கு அப்பால், பல நாடுகளின் பொதுமக்களைத் தட்டியெழுப்பும் பெருமுயற்சி ஒன்று அந்த ஆண்டில் நடந்தது. செய்தியாளர்களும், இசைக் கலைஞர்களும், மருத்துவர்களும், துறைமுகத் தொழிலாளர்களும், அகதிகளும் அதில் பங்கு கொண்டனர்.

இம்முயற்சி பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் நியூயார்க் நகரில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியை மட்டுமே நினைவுகூர்கின்றனர். ஆனால் அது முழுக் கதையின் ஒரு பகுதியே. அதிகம் பேசப்படாத பலருடைய உழைப்பே பெரும் சுமையைத் தாங்கியது.

பின்னணி

பிரிவினையின்போது உருவான பாக்கிஸ்தான், இந்தியாவின் இருபுறமும் இரண்டு துண்டுகளாக அமைந்திருந்தது. மக்கள்தொகையில் கிழக்குப் பகுதி பெரியது. ஆட்சி, படை, பொருளாதாரம் ஆகியவற்றின் அதிகாரம் மேற்குப் பகுதியிடம் இருந்தது. வங்க மொழிக்கு உரிய இடம் மறுக்கப்பட்டதால் 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் போராடி உயிர் நீத்தனர்.

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வங்கக் கடலில் உருவான கடும் புயல் போலா தீவையும் சுற்றியுள்ள கடற்கரையையும் அழித்தது. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. நிவாரணப் பணியில் மத்திய அரசு காட்டிய மெத்தனம் மக்களின் மனக்கசப்பை அதிகமாக்கியது. அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி, கிழக்குப் பகுதியின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்று நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்றது. ஆயினும் ஆட்சி அக்கட்சியிடம் ஒப்படைக்கப்படவில்லை.

1971 மார்ச் 25 நள்ளிரவு பாக்கிஸ்தான் படை டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளும், காவலர் குடியிருப்புகளும், பழைய நகரின் இந்துக்கள் வாழ்ந்த தெருக்களும் முதல் இலக்குகளாயின. பின்னர் வன்முறை கிராமங்களுக்குப் பரவியது. ஒன்பது மாதங்களில் இறந்தோர் எண்ணிக்கை குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மதிப்பீடுகள் மூன்று லட்சம் முதல் முப்பது லட்சம் வரை வேறுபடுகின்றன.

எல்லையில் குவிந்த மக்கள்

உயிர் பிழைத்தோர் நடந்தும், மாட்டு வண்டியிலும், படகிலும் எல்லையை நோக்கி வந்தனர். மே இறுதியில் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து கொண்டிருந்தனர். அதற்குள் மொத்த எண்ணிக்கை நாற்பது லட்சத்தை நெருங்கிவிட்டது. அகதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். முஸ்லிம்களும் லட்சக்கணக்கில் இருந்தனர்.

ஆண்டு இறுதியில் இந்திய அரசின் கணக்குப்படி அகதிகள் சுமார் 99 லட்சம் பேர். அவர்களில் சுமார் 68 லட்சம் பேர் 825 முகாம்களில் இருந்தனர். மற்ற 31 லட்சம் பேர் உறவினர், நண்பர், முன்பின் அறியாத இல்லத்தார் ஆகியோரிடம் அடைக்கலம் பெற்றிருந்தனர். மேற்கு வங்கத்தில் மட்டும் சுமார் 75 லட்சம் பேர் தங்கினர். திரிபுராவின் அன்றைய மக்கள்தொகை சுமார் 15.5 லட்சம். அங்கு வந்த அகதிகள் சுமார் 14 லட்சம். வீட்டில் உள்ளவர் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை விருந்தினர் என்ற நிலை. மேகாலயாவும் அசாமும் கூட லட்சக்கணக்கானோரை ஏற்றன.

கூடாரங்கள் போதவில்லை. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. கல்கத்தாவின் புறநகரான சால்ட் லேக்கில், கழிவுநீர்க் கால்வாய் அமைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியேறின. குழாயின் இரு வாய்களிலும் கோணியோ கந்தல் துணியோ தொங்கும். அதுவே கதவு. பருவமழை தொடங்கியதும் முகாம்கள் சேற்றுக் குளங்களாயின.

முதலில் கை கொடுத்தவர்கள்

எந்தப் பேரிடரிலும் முதல் உதவி தொலைவிலிருந்து வருவதில்லை. பக்கத்து ஊராரே முதலில் வருவர். 1971லும் அப்படித்தான். உலக நாடுகள் கூடிப் பேசுவதற்கு முன்பே எல்லையோர மாவட்டங்களில் உள்ள மக்கள் அரிசியும் அவலும் துணியும் கொடுத்தனர். ராமகிருஷ்ண மிஷன், பாரத் சேவாசிரமச் சங்கம், அன்னை தெரசாவின் சபை, கிறித்தவத் தொண்டு அமைப்புகள், காந்தியத் தொண்டர்கள் எனப் பலரும் முகாம்களில் இறங்கினர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் கூடி வங்காளதேச உதவிக் குழு ஒன்றை அமைத்தனர். அது நிதி திரட்டியதோடு, நடந்ததை விளக்கும் சிறு நூல்களையும் வெளியிட்டது.

இந்த விருந்தோம்பல் செலவில்லாமல் கிடைக்கவில்லை. அகதிகள் வயிற்றுப்பாட்டுக்காகக் குறைந்த கூலிக்கு வேலை செய்ய முன்வந்ததால் உள்ளூர்த் தொழிலாளரின் கூலி இறங்கியது. விறகு, காய்கறி, மண்ணெண்ணெய் விலை ஏறியது. முகாமில் இருப்பவருக்கு இலவச அரிசி கிடைக்க, வேலியின் இந்தப் பக்கத்து ஏழைக்கு அது இல்லை என்ற முணுமுணுப்பும் எழுந்தது. இதனால் ஒரு பகுதியினர் மத்தியப் பிரதேசத்தின் மானா போன்ற தொலைதூர முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வளவு நெருக்கடிக்கு இடையிலும் எல்லை மூடப்படவில்லை என்பது வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

உலகத்தின் காதில் விழச் செய்தவர்கள்

மார்ச் மாதத் தாக்குதல் தொடங்கியதும் டாக்காவில் இருந்த வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆதலால் உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் போனது. இந்தச் சூழலில் ஏப்ரல் மாதம் பாக்கிஸ்தான் படை, தன் தரப்பை எழுத வைப்பதற்காக எட்டுப் பாக்கிஸ்தான் செய்தியாளர்களைக் கிழக்குப் பகுதிக்கு அழைத்துச் சென்றது. அவர்களில் ஒருவர் கராச்சியைச் சேர்ந்த ஆண்டனி மஸ்கரேனாஸ். கண்டதை மறைத்து எழுத அவர் மனம் இடம் தரவில்லை. லண்டன் சென்று சண்டே டைம்ஸ் இதழின் ஆசிரியரைச் சந்தித்தார். பிறகு ஐயம் எழாதவாறு கராச்சிக்குத் திரும்பி, மனைவி மக்களை முதலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, தாம் ஆப்கானிஸ்தான் எல்லை வழியாகத் தப்பினார். 1971 ஜூன் 13 அன்று அவருடைய நீண்ட கட்டுரை ‘இனப்படுகொலை’ என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகத் தாங்கி வெளிவந்தது. மேற்கு நாடுகளின் பொதுமக்கள் கருத்தைத் திருப்பிய எழுத்துகளில் இது முதன்மையானது.

எழுத்தோடு படமும் சேர்ந்தது. ரகு ராய் உள்ளிட்ட ஒளிப்படக் கலைஞர்கள், மழையில் நனைந்தபடி நடந்த மூதாட்டிகளையும் எலும்பும் தோலுமான குழந்தைகளையும் படம் பிடித்தனர். தொகை எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அது மனத்தில் நிற்பதில்லை. ஒரு கோடி என்ற எண்ணைக் கடந்து போகிறவர், ஒரு குழந்தையின் முகத்தைக் கடந்து போக முடியாமல் நின்றுவிடுவார்.

பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் இந்த உண்மையை நன்கு பயன்படுத்தியது. முகாம்களை நேரில் கண்ட அறுபது பேரின் கூற்றுகளைத் தொகுத்து ‘அறுபது பேரின் சாட்சியம்’ என்ற வெளியீட்டை அக்டோபர் 21 அன்று வெளியிட்டது. அன்னை தெரசா, அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி, பெயர் பெற்ற பத்திரிகையாளர்கள் ஆகியோர் அதில் பேசினர். கென்னடி ஆகஸ்ட் மாதம் முகாம்களுக்கு வந்து சேற்றில் நடந்து பார்த்தவர். அமெரிக்க அரசு அப்போது பாக்கிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்ததால், அந்நாட்டின் செனட்டர் ஒருவரே நேரில் கண்டு சொன்ன சொல்லுக்குத் தனி எடை இருந்தது. இந்தியாவிலிருந்து ஜெயப்பிரகாஷ் நாராயண் பல நாடுகளுக்குச் சென்று ஆதரவு தேடினார். செப்டம்பரில் புதுதில்லியில் வங்காளதேசம் குறித்த உலக மாநாடு ஒன்றையும் கூட்டினார்.

காலராவும் உப்பு சர்க்கரைக் கரைசலும்

முகாம்களின் உடனடி எதிரி காலரா. குடிநீரும் கழிவுநீரும் கலந்த இடங்களில் அது தீயாய்ப் பரவியது. செப்டம்பர் மாதத்துக்குள் நோயுற்றோர் எண்ணிக்கை 46,000ஐத் தாண்டியது. காலராவில் உயிர் போவதற்குக் காரணம், உடலிலுள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதே. இரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றுவதுதான் அன்றைய சிகிச்சை முறை. அதற்குப் புட்டிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்றோரும் தேவை. மூன்றுமே போதவில்லை.

எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் பணியாற்றச் சென்ற மருத்துவர் திலீப் மகலானாபிஸ், தரையெல்லாம் நோயாளிகள் கிடப்பதைக் கண்டார். கைவசமிருந்த புட்டிகள் தீர்ந்து வந்தன. எனவே அவர் வேறு வழியைத் துணிந்து கையாண்டார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலங்கள் கல்கத்தாவில் தயாரிக்கப்பட்டு முகாமுக்கு வந்தன. பெரிய பீப்பாய்களில் கரைசல் கலக்கப்பட்டது. நோயாளியின் தாயோ அண்ணனோ குவளையில் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்டினர்.

இம்முறைக்கு முன் நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த இறப்பு விகிதம், அவருடைய கண்காணிப்பில் 3.6 ஆகக் குறைந்தது. குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற உண்மை முன்னரே ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சி இல்லாதவர் கையால், ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுக்க முடியும் என்பது இந்த முகாமில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலின் வரலாற்றில் பன்காவ் ஒரு திருப்புமுனை. 2022இல் காலமான மகலானாபிஸுக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி உதவி இயக்கத்தின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. பணமும் பொருளும் வந்து சேர்வது பாதி வேலையே. அதைக் கடைசிக் குடிசை வரை கொண்டு சேர்க்கும் எளிய வழியைக் கண்டறிவது மறுபாதி. அந்த மறுபாதியில் அகதிகளும் உதவி பெறுவோராக மட்டும் இராமல் உதவி செய்வோராகவும் ஆயினர்.

நியூயார்க் இசை நிகழ்ச்சி

சித்தார் மேதை ரவிசங்கரின் குடும்ப வேர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தது. அவருடைய குரு அலாவுதீன் கானும் அந்த மண்ணில் பிறந்தவரே. முகாம்களின் செய்தி கேட்டு வருந்திய ரவிசங்கர், ஓர் இசை நிகழ்ச்சி நடத்தி 25,000 டாலர் அளவுக்காவது திரட்ட முடியாதா என்று நினைத்தார். அதைத் தம் மாணவரும் நண்பருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். பீட்டில்ஸ் குழுவின் முன்னாள் உறுப்பினரான ஹாரிசன், சில வாரங்களுக்குள் தம் நண்பர்களைத் திரட்டினார்.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பிற்பகலும் மாலையுமாக இரு நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டுக்குமாகச் சுமார் 40,000 பேர் வந்தனர். முதலில் ரவிசங்கரின் சித்தார், அலி அக்பர் கானின் சரோத், அல்லா ரக்காவின் தபலா, கமலா சக்கரவர்த்தியின் தம்பூரா. கலைஞர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் நகைச்சுவையாகச் சொன்னார். பின்னர் ஹாரிசன், பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் முதலியோர் இசைத்தனர். ‘வங்காளதேசம்’ என்ற பெயரையே கேட்டறியாத இளைஞர்கள், ஒரே நாளில் அதை உச்சரிக்கக் கற்றனர்.

நுழைவுச்சீட்டு வருவாயாகக் கிடைத்த 2,43,418 டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குக் கொடுக்கப்பட்டது. நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு மூன்று இசைத்தட்டுகளாக டிசம்பரிலும், திரைப்படம் 1972இலும் வெளிவந்தன. அவற்றின் வருவாய் மிகப் பெரியது.

ஆனால் இங்கே ஒரு குறை நேர்ந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே தொண்டு நிறுவனத்துடன் முறையான ஏற்பாடு செய்து வரிவிலக்கு பெறத் தவறிவிட்டனர். அதனால் இசைத்தட்டு, திரைப்பட வருவாயின் பெரும்பகுதியை அமெரிக்க வரித்துறை பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. 1985ஆம் ஆண்டுக்குள் சுமார் 120 லட்சம் டாலர் சென்று சேர்ந்தது. அதற்குள் முகாம்கள் கலைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பணம் பிற்காலத்துக்குப் பயன்பட்டது. 1971இல் பசித்திருந்த குழந்தைக்கு அது எட்டவில்லை. நல்ல உள்ளம் இருந்தும் கணக்கும் சட்டமும் சரியாக இல்லாவிட்டால் உதவி எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு இது சான்று. பின்னாளில் இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்தியவர்கள் இதிலிருந்து பாடம் கற்றனர்.

துறைமுகத்தில் சிறு படகுகள்

நிதி திரட்டுவதோடு நில்லாமல், துன்பத்தின் காரணத்தைத் தடுக்க முயன்றோரும் உண்டு. பாக்கிஸ்தானுக்கு ஆயுதம் அனுப்புவது நிறுத்தப்பட்டுவிட்டது என்று அமெரிக்க அரசு சொல்லி வந்தது. ஆனால் படைத்தளவாடங்களுடன் கப்பல்கள் புறப்படுவதை ஜூன் மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது.

ஜூலை மாதம் ‘பத்மா’ என்ற பாக்கிஸ்தான் சரக்குக் கப்பல் பால்டிமோர் துறைமுகத்துக்கு வந்தது. குவேக்கர் எனப்படும் சமயக் குழுவைச் சேர்ந்தோரும் வேறு சிலரும் துடுப்புப் படகுகளில் சென்று அதன் வழியை மறித்தனர். மாபெரும் கப்பலுக்கு முன் அப்படகுகள் மிதக்கும் இலைகளைப் போன்றவை. காவலர் அவர்களை நீரிலிருந்து அகற்றிக் கைது செய்தனர். ஆயினும் அக்காட்சி தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் இடம்பெற்றது. பின்னர் பிலடெல்பியா துறைமுகத் தொழிலாளர்கள், தம் கூலி போனாலும் பரவாயில்லை என்று பாக்கிஸ்தானுக்கான ஆயுதங்களைக் கப்பலில் ஏற்ற மறுத்தனர்.

அக்டோபர் மாதம் இதே குழுவினர் வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் பெரிய கழிவுநீர்க் குழாய்களைக் கொண்டுவந்து அவற்றுள் தங்கினர். சால்ட் லேக் அகதிகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஆட்சியாளரின் வாசலில் காட்டுவதே நோக்கம். நவம்பரில் அமெரிக்க அரசு எஞ்சிய ஆயுத ஏற்றுமதி உரிமங்களை விலக்கிக் கொண்டது.

லண்டனில் ஆகஸ்ட் 1 அன்று, அதாவது நியூயார்க் இசை நிகழ்ச்சி நடந்த அதே நாளில், டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. பிரிட்டனில் வாழ்ந்த வங்காளிகளில் பலர் உணவகங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்கள். தம் வாரக் கூலியில் ஒரு பகுதியை அவர்கள் தாயகத்துக்காகக் கொடுத்தனர். டாக்கா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த நீதிபதி அபு சயீத் சௌத்ரி, பதவியைத் துறந்து அவர்களுடைய குழுக்களை ஒருங்கிணைத்தார்.

அகதிகளே நடத்திய இயக்கம்

இடம்பெயர்ந்தோரைக் கையேந்தி நிற்பவராக மட்டும் காட்டும் வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உண்மையில் 1971இல் ஆதரவு திரட்டியவர்களில் அகதிகளின் பங்கு பெரிது.

கிழக்கு வங்கக் கால்பந்து வீரர்கள் எல்லை தாண்டி வந்து ‘சுதந்திர வங்காளக் கால்பந்து அணி’யை அமைத்தனர். அதன் தலைவர் ஜகாரியா பிண்டு. ஜூலை 25 அன்று நதியா மாவட்டத்தின் கிருஷ்ணநகரில் முதல் ஆட்டம் நடந்தது. இந்தியா அந்நாட்டை அப்போது அங்கீகரித்திருக்கவில்லை. எனினும் தம் கொடியை ஏற்றாமல் களமிறங்க மாட்டோம் என்று வீரர்கள் உறுதியாக நின்று, கொடியேற்றிய பின்னரே ஆடினர். பல ஊர்களில் ஆடிக் கிடைத்த நிதியை விடுதலை இயக்கத்துக்குக் கொடுத்தனர்.

பாடகர்களும் ஒரு குழுவாகத் திரண்டு, முகாம் முகாமாகச் சென்று பாடினர். ஒரு லாரியில் ஆர்மோனியத்தோடு அவர்கள் பயணம் செய்ததை லியர் லெவின் என்ற அமெரிக்கர் படம் பிடித்தார். அப்படச்சுருள்கள் பல ஆண்டுகள் கழித்துத் தாரிக் மசூத், கேதரின் மசூத் இணையரின் கைக்கு வந்து, 1995இல் ‘முக்திர் கான்’ என்ற ஆவணப்படமாயின.

ஆசிரியர்களின் பணியும் குறிப்பிடத்தக்கது. சிட்டகாங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. ஆர். மல்லிக் தலைமையில் அகதி ஆசிரியர்கள் சங்கம் அமைத்தனர். அவரும் பேராசிரியர் அனிசுஸ்ஸமானும் இந்திய நகரங்களுக்குச் சென்று கல்லூரிகளில் உரையாற்றினர். முகாம்களில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இதனால் வேலையிழந்த ஆசிரியருக்குச் சிறு ஊதியமும், எல்லாம் இழந்த பிள்ளைக்கு ஒரு நாளின் ஒழுங்கும் கிடைத்தன.

ஐந்து பைசா

இவ்வளவு முயற்சிக்குப் பிறகும், வெளிநாடுகளிலிருந்து வந்த உதவி மொத்தச் செலவில் ஒரு பகுதியை மட்டுமே ஈடு செய்தது. எஞ்சியதை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அப்போது இந்தியாவே ஏழை நாடு. அரசு 1971 இறுதியில் அகதிகள் நிவாரணத்துக்கென்று சிறப்பு வரிகளை விதித்தது. ரயில் கட்டணம், விமானப் பயணம், செய்தித்தாள், அஞ்சல் ஆகியவை அவ்வரிக்கு உட்பட்டன.

நவம்பர் 15 முதல், கடிதங்களில் வழக்கமான அஞ்சல் தலையுடன் கூடுதலாக ஐந்து பைசா அகதிகள் நிவாரண வில்லையும் ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. புதிய வில்லை அச்சாகும் வரை காத்திருக்க நேரமில்லை. அப்போது புழக்கத்திலிருந்த ஐந்து பைசா குடும்பநல அஞ்சல் தலையின் மேல் ‘அகதிகள் நிவாரணம்’ என்ற பொருள் தரும் இந்தி, ஆங்கிலச் சொற்கள் அச்சிடப்பட்டன. அவையும் போதாத சில இடங்களில் உள்ளூரிலேயே முத்திரை குத்திக் கொடுத்தனர். டிசம்பர் 1 அன்று தனி வில்லை வெளியானது.

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு மகளுக்குக் கடிதம் எழுதிய ஒருவரும், வங்க முகாமிலிருந்த ஒரு குழந்தையின் சோற்றுக்குத் தம் பங்கைச் செலுத்தினார் என்பது இதன் பொருள். விருப்ப நன்கொடை அன்று, வரிதான். எனினும் பல கோடிப் பேரைத் தொட்ட உதவி வழி இது. இன்று பழைய கடித உறைகளில் அந்தச் சிறு வில்லையைக் காணும் மாணவர்கள் பலருக்கு அது எதற்காக ஒட்டப்பட்டது என்று தெரிவதில்லை.

நாடு திரும்புதல்

டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் போர் மூண்டது. 16 அன்று டாக்காவில் பாக்கிஸ்தான் படை சரணடைந்தது. வங்காளதேசம் பிறந்தது. 1972 தொடக்கத்தில் அகதிகள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். வழிக்கான உணவும் மருத்துவ உதவியும் கொடுத்து, ரயிலிலும் லாரியிலும் அனுப்பி வைத்தனர். பிப்ரவரி இறுதிக்குள் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பிவிட்டனர். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு குறுகிய காலத்தில் தாயகம் திரும்பியது உலக வரலாற்றில் அரிது. 1973ஆம் ஆண்டு அகதிகள் நிவாரண வரிகள் நீக்கப்பட்டன.

மக்கள் இயக்கம் சாதித்தது என்ன?

மக்கள் இயக்கம் போரை நிறுத்தவில்லை. அகதிகளை வீடு சேர்த்தது அரசியல் மாற்றமே. மழைக்காலத்தில் முகாம்களில் இறந்த பல்லாயிரம் குழந்தைகளையும் அது காப்பாற்ற இயலவில்லை. இதை மறைத்து வெற்றிக் கதையாக மட்டும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் அது சாதித்தவையும் சிறியன அல்ல. செய்தி மறைக்கப்பட்ட இடத்தில் சாட்சிகள் பேசியதால், தெரியாது என்று எந்த அரசும் சொல்ல முடியாமல் போயிற்று. ஒவ்வொருவருக்கும் அவரவர் கையால் ஆகக்கூடிய வேலை காட்டப்பட்டதால் இரக்கம் செயலாயிற்று. ரசிகருக்கு நுழைவுச்சீட்டு, துறைமுகத் தொழிலாளிக்கு ஏற்ற மறுக்கும் ஒரு மூட்டை, தாய்க்கு ஒரு குவளைக் கரைசல், கடிதம் எழுதுபவருக்கு ஐந்து பைசா வில்லை என்று அந்த வேலைகள் அமைந்தன.

பிற்காலத்தில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985இல் நடந்த ‘லைவ் எய்ட்’ போன்ற நிகழ்ச்சிகள் 1971ஐ முன்மாதிரியாகக் கொண்டன. ஆயினும் மேடையின் வெளிச்சம் படாத இடத்தில்தான் பெரும்பகுதி உதவி நடந்தது. 31 லட்சம் அகதிகளைத் தம் கூரையின் கீழ் வைத்துச் சோறிட்ட வீட்டார்களுக்கு நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர், தமக்கே போதாத அரிசியைப் பகிர்ந்துகொண்டவர்கள்.